ஸ்ரோஹைமை விலக்கியது முறையோ?

1922ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 6ஆம் திகதி, கலிபோர்ணியா மாநிலத்து யூனிவேர்சல் நகரில் ஒரு நெறியாளருக்குக் கடிதம் ஒன்று கிடைத்தது. எழுதியவர் இர்விங் தால்பேர்க். அப்படப்பிடிப்பு நிலையத்தின் பொது முகாமையாளர், வயது இருபத்துமூன்று. பெற்றவர் எரிக் வொன் ஸ்ரோஹைம். மௌனப்பட உலகிலே புகழும் வசையும் ஒருங்கே பெற்றிருந்த நெறியாளர், வயது முப்பத்தேழு. கடிதத்திற் சாட்டப்பட்ட குற்றங்கள் பல. கட்டளைகளுக்கு மீண்டும் மீண்டும் பணியாமை, வேண்டாத காலதாமதம், அளவிறந்த செலவு, தணிக்கை நெறிகளை மதியாமை, கொம்பனிக்கு விசுவாசமின்மை, யாவற்றிற்கும் மேலாகத் தாம் நிலையத்தினும் பெரியவர் என்னும் எண்ணம் ஆகியன அவற்றுட் சில. ஏறத்தாழ ஆறு வாரங்களாக எடுக்கப்பட்டு வந்த 'மெறி கோ றவுண்ட்' (குடைராட்டினம்) என்னும் படம் அவர் கையினின்றும் நீங்கி, றூப்பேர்ட் யூலியன் என்னும் வேறொரு நெறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது.

திரைப்பட வரலாற்றை எழுதியோர் இந்நிகழ்ச்சியைப் பெரும்பாலும் இரு விதமாகவே கூறி வந்துள்ளனர். ஒரு சாரார்க்கு இது வணிகன் கலைஞனைக் கொன்ற கதை. மற்றொரு சாரார்க்கு இது பிறர் பொருளைத் தன் பொருளாக எண்ணிச் செலவிட்ட ஒருவனை அடக்கிய கதை. இரு திறத்தாரும் முடிவை முன்னரே வகுத்துக்கொண்டு சான்றுகளைப் பின்னர்த் தேடினர் என்றே எண்ண வேண்டியுளது. ஸ்ரோஹைமுக்கும் தால்பேர்க்குக்கும் இடையே ஈராண்டு கழித்து நிகழ்ந்த வேறொரு பூசலின் கோபமும் இத்தீர்ப்புக்களிற் கலந்துவிட்டது. ஆகவே 1922இல் நிகழ்ந்ததை முதலில் அதனளவிலே தனித்து நோக்குதல் தகும்.

யூனிவேர்சல் கொம்பனியின் அதிபர் கார்ல் லெம்லி. ஜேர்மனியில் லௌப்ஹைம் என்னுமூரில் 1867இல் யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, இளமையிலே அமெரிக்கா சென்று, துணிக்கடை முகாமையாளராகவிருந்து, 1906இல் சிக்காகோ நகரிலே சிறு படக்கொட்டகை ஒன்றைத் தொடங்கியவர். படத்தொழில் முழுவதையும் தன் உரிமைப் பத்திரங்களாற் கட்டியாள முயன்ற எடிசன் கூட்டினை எதிர்த்து வழக்காடி நின்றவருள் அவர் முதன்மையானவர். 1912இல் யூனிவேர்சல் கொம்பனி தோன்றியது. 1915 மார்ச்சு மாதத்தில் யூனிவேர்சல் நகர் திறக்கப்பட்டது. அந்நகரைப் படத் தொழிற்சாலை என்பது பொருந்தும். அங்கு ஒரே காலத்திற் பல படங்கள் எடுக்கப்பட்டன. பெரும்பாலானவை மலிவான படங்கள், சிற்றூர்க் கொட்டகைகளை நம்பி எடுக்கப்பட்டவை. பரமவுண்ட் முதலிய போட்டிக் கொம்பனிகள் பெருநகரங்களிலே தமக்கெனச் சிறந்த அரங்குகளை வாங்கிக்கொண்டிருந்த அக்காலத்தில், லெம்லியிடம் அத்தகைய அரங்கு வரிசை எதுவும் இல்லை. இக்குறையை மனத்திற் கொள்ளாது ஸ்ரோஹைமின் வழக்கை விளங்கிக்கொள்ளல் அரிது. சொந்த அரங்கில்லாதவன் பிறருடைய அரங்கினுட் புகவேண்டுமாயின், எவரும் மறுக்கவியலாத ஒரு பெரும் படத்தைக் கையில் வைத்திருத்தல் வேண்டும். அத்தகைய படத்தைத் தரக்கூடியவர் ஒருவர் தம்மிடத்தே இருப்பதை லெம்லி 1919இற் கண்டுகொண்டார்.

ஸ்ரோஹைம் தம்மை ஒஸ்திரியப் பிரபு குலத்தவர் என்றும், படைத்தலைமை வகித்தவர் என்றும் சொல்லிவந்தார். அமெரிக்கா அதை நம்பியது. உண்மையிலே அவர் 1885இல் வியன்னாவிலே தொப்பி செய்து விற்கும் யூத வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பெயர்நடுவே உள்ள 'வொன்' என்னும் குலச்சொல், 1909இல் நியூயோர்க் துறைமுகத்தில் இறங்கியபோது அவர் தாமே சூடிக்கொண்டது. இவ்வுண்மை அவர் இறந்த பின்னரே பிறப்புப் பதிவுகளினின்றும் வெளிப்பட்டது. பல சிறு தொழில்கள் செய்து அலைந்த பின்னர், டேவிட் கிரிபித்தின் படக்குழுவிலே துணைநடிகராயும் உதவியாளராயும் சேர்ந்தார். முதலாம் உலகப் போர்க் காலத்திலே கொடிய ஜேர்மானிய அதிகாரியாக நடிப்பதற்கு இவரை விஞ்ச எவரும் இலர் எனப் பெயர்பெற்றார். வெறுத்து மகிழ்தற்குரிய மனிதர் என்று அவரை விளம்பரம் செய்தனர். போர் முடிந்ததும் அத்தகைய வேடங்களுக்கு வேலையில்லாது போயிற்று. அப்பொழுது அவர் தாமே எழுதிய கதையொன்றை லெம்லியிடம் கொண்டு சென்று, அதனைத் தாமே நெறிப்படுத்தி நடிப்பதாகக் கேட்டு இசைவு பெற்றார்.

அக்கதை 'பிளைண்ட் ஹஸ்பண்ட்ஸ்' (குருட்டுக் கணவர்) என்னும் படமாக 1919இல் வெளியாகிப் பெருவெற்றி பெற்றது. அமெரிக்க வைத்தியர் ஒருவரின் மனைவியை ஒஸ்திரிய அதிகாரி ஒருவன் மயக்க முயல்வதே கதை. அதனை அவர் காட்டிய முறை புதிதாக இருந்தது. மேசைமேல் வைத்த கையுறை, படிக்கட்டிற் கேட்கும் காலடி என ஐயுறும்படி நோக்கும் பார்வை, உடுப்பின் மடிப்பு முதலிய நுண்பொருள்களால் உள்ளத்தைக் காட்டும் வித்தையை அமெரிக்கர் அதற்கு முன் அத்துணை நுட்பமாகக் கண்டதில்லை. படத்திற்கு அவர் இட்டிருந்த பெயரைக் கொம்பனி மாற்றியபோது அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார். பிற்காலப் பூசல்களின் முதல் விதை அதுவெனலாம். இரண்டாவது படம் இன்று கிடைத்திலது. மூன்றாவதே வழக்கின் மூலம்.

'ஃபூலிஷ் வைவ்ஸ்' (பேதை மனைவியர்) என்னும் அப்படத்தின் கதை மொன்ரி கார்லோவில் நிகழ்வது. உருசியப் பிரபுபோல் வேடமிட்ட ஏமாற்றுக்காரன் ஒருவன் அமெரிக்கத் தூதுவரின் மனைவியை வசப்படுத்த முயல்கின்றான். அவ்வேடத்தை ஸ்ரோஹைமே ஏற்றார். போலிப் பிரபு ஒருவரே போலிப் பிரபுவாக நடித்தார் என்பதை அன்று எவரும் அறியார். சூதாட்ட மண்டபமும், விடுதியும், சிற்றுண்டிச் சாலையும் யூனிவேர்சல் நகரிலே உண்மை அளவில் எழுப்பப்பட்டன. கடல் நோக்கிய பக்கத்தை மட்டும் வடக்கே நூற்றுக்கணக்கான கல் தொலைவிலுள்ள பொயின்ற் லோபோஸ் என்னும் கரையிலே தனியே கட்டினர். அது புயலாற் சிதைந்து மீண்டும் சீர்செய்யப்பட்டது. தூதுவராக நடித்த றூடொல்ப் கிறிஸ்தியன்ஸ் 1921இல் படம் முடியுமுன்னரே காலமாகிவிட, எஞ்சிய காட்சிகளில் வேறொருவரை நிறுத்தி முதுகுப்புறமாகவே படம்பிடித்தனர். 1920 யூலையிலே தொடங்கிய படப்பிடிப்பு ஏறத்தாழப் பதினொரு மாதம் நீடித்தது. பதியப்பட்ட சுருள்களின் நீளம் மூன்று இலட்சம் அடியைத் தாண்டியது.

யூனிவேர்சலின் பொது முகாமையாளராகத் தால்பேர்க் அமர்ந்தது ஏறத்தாழ இக்காலத்தில்தான். புறுக்ளினிற் பிறந்து, பிறவியிலேயே இதய நோயுற்று, பள்ளிக் காலத்தின் பெரும் பகுதியைப் படுக்கையிலே நூல்களுடன் கழித்த இளைஞர் அவர். நியூயோர்க்கிலே லெம்லியின் செயலாளராயிருந்து, இருபது வயதிலே யூனிவேர்சல் நகரை ஆளும் பொறுப்பைப் பெற்றார். காசோலையிற் கையொப்பமிடும் வயதுகூட அவருக்கு அப்போது நிரம்பியிருக்கவில்லை என்பர். ஸ்ரோஹைமை அழைத்து எச்சரித்தார், பயனில்லை. நீக்கிவிடவும் வழியில்லை. ஏனெனில் ஸ்ரோஹைம் நெறியாளர் மட்டுமல்லர், கதாநாயகனும் அவரே. பாதிப் படத்தில் அவர் முகம் பதிந்துவிட்டது. அவரை விலக்கினாற் செலவிட்டது முழுவதும் வீணாகும். கடைசியிலே தால்பேர்க் கமராக்களையே எடுத்துச் சென்று படப்பிடிப்பை முடிவுறச் செய்தார். இந்நிகழ்ச்சியினின்றும் அவர் கற்ற பாடம் பின்னர்க் காணப்படும்.

இனி, வழக்கின் மறுபக்கம். படப்பிடிப்பு நடக்கும்போதே நியூயோர்க் நகரத்துப் புறோட்வே வீதியிலே யூனிவேர்சல் கொம்பனி பெரியதொரு மின்விளக்குப் பலகையை நாட்டியது. அதில் இப்படத்திற்கு இதுவரை ஆன செலவு எவ்வளவு என்பதைக் காட்டி, அத்தொகையை அவ்வப்போது கூட்டிவந்தனர். ஸ்ரோஹைமின் பெயரிலுள்ள எஸ் என்னும் எழுத்துக்குப் பதிலாக டொலர்க் குறியை இட்டு எழுதினர். பத்து இலட்சம் டொலர் செலவிட்ட முதலாவது படம் என்று பறைசாற்றினர். அலுவலகத்தினுள்ளே எந்தச் செலவைக் குற்றமென்று கடிந்தனரோ, அதே செலவை வீதியிலே விளக்கேற்றி விற்றனர். ஒரு வேலையாளின் ஊதாரித்தனத்தைக் காட்டி ஆள்சேர்த்த முதலாளி, பின்னர் ஊதாரித்தனத்திற்காக அவனைத் தண்டிக்கும்போது, கேட்பவர்க்கு ஒரு முறுவல் தோன்றாதிராது.

1922 சனவரி 11ஆம் திகதி நியூயோர்க்கிலே படம் திரையிடப்பட்டது. முப்பது சுருள் அளவில் ஸ்ரோஹைம் எண்ணியிருந்த படம் பதினான்கு சுருள்களாக வெட்டப்பட்டிருந்தது. பின்னர் நாடெங்கும் காட்டுதற்குப் பத்தாகக் குறைந்தது. மக்கள் கூட்டமாகவே சென்றனர். ஆயினும் செலவிட்டது திரும்பவில்லை. காலமும் ஏற்றதாயில்லை. முந்திய ஆண்டின் செப்ரெம்பரில் நகைச்சுவை நடிகர் றொஸ்கோ ஆர்பக்கிள் மீது எழுந்த வழக்கினால் ஹொலிவுட் முழுவதும் ஒழுக்கக்கேட்டின் உறைவிடம் என்ற பழி பரவியிருந்தது. படத்தொழிலாளர் தம்மைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வில் ஹேய்ஸ் என்னும் அமைச்சரைத் தம் சங்கத் தலைவராக அழைத்ததும் இதே 1922இன் தொடக்கத்திலாகும். அவ்வேளையிலே அமெரிக்கப் பெண்டிரை எளிதில் ஏமாறும் பேதையராகக் காட்டும் படமொன்று வந்தது. நாட்டுக்கே அவமதிப்பு என்று சில பத்திரிகைகள் சினந்தன. பல மாநிலத் தணிக்கையாளர் கத்தரிக்கோலை எடுத்தனர்.

இத்தனைக்கும் பின்னர், அதே ஆண்டிலேயே யூனிவேர்சல் கொம்பனி ஸ்ரோஹைமிடம் இன்னொரு படத்தை ஒப்படைத்தது என்பது கவனித்தற்குரியது. அதுவே குடைராட்டினம். போருக்கு முந்திய வியன்னா, பேரரசர் பிரான்சு யோசேப்பின் அவை, பிறாற்றர் என்னும் களியாட்டப் பூங்கா, அங்கே இசைப்பெட்டி வாசிக்கும் பெண்ணொருத்தியைக் காதலிக்கும் பிரபு என இவற்றைக் கொண்ட கதை. தாம் ஒருபோதும் வாழ்ந்திராத அரண்மனை வாழ்க்கையைத் தம் நினைவு என்று சொல்லி மீட்டெழுப்பும் வாய்ப்பு ஸ்ரோஹைமுக்குக் கிடைத்தது. பிரபு வேடத்தைத் தாமே ஏற்க விரும்பினார். தால்பேர்க் மறுத்து, நோர்மன் கெறியை நியமித்தார். நெறியாளர் முகம் படத்திலே இல்லையாயின் அவரை எப்போதும் நீக்கலாம் அன்றோ? முன்னைய படத்திற் கற்ற பாடம் இதுவே. ஓகஸ்ட் இறுதியிலே தொடங்கிய படப்பிடிப்பு ஒக்டோபர் முதல் வாரத்திலே நின்றது. மெய்க்காவலராகத் தோன்றும் துணைநடிகர்க்கு அரச முத்திரை பொறித்த பட்டு உள்ளாடை தைப்பித்தார் என்ற கதை பின்னாளிலே பரவியது. உண்மையோ, கட்டுக்கதையோ, அவரைப் பற்றி எதையும் நம்பலாம் என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டமைக்கு அது சான்று.

நெறியாளர் ஒருவர் படத்தின் நடுவிலே நீக்கப்பட்டது இதுவே முதன்முறை எனக் கூறுவாரும் உளர். அது மிகை எனினும், அத்துணைப் புகழ்வாய்ந்த ஒருவரை அத்துணை இளையவர் ஒருவர் விலக்கியமை தொழிலுலகைத் திடுக்குறச் செய்தது என்பதில் ஐயமில்லை. கிரிபித்தின் காலத்திலே நெறியாளரே படத்தின் அரசர். முகாமையாளர் அவர் கேட்டதைத் தேடிக்கொடுக்கும் கணக்கப்பிள்ளை. அம்முறைமை 1922இன் பின்னர் மெல்ல மெல்லத் தலைகீழாயிற்று.

சாட்டப்பட்ட குற்றங்களை இனி எடைபோடலாம். முதலாவது செலவு. செலவே குற்றமாயின் யூனிவேர்சல் கொம்பனி அடுத்த ஆண்டிலேயே அதே குற்றத்தைச் செய்தது. 1923இல் அது வெளியிட்ட 'நொத்தர் தாமின் கூனன்' என்னும் படத்திற்குப் பாரிசு நகரத்துத் தேவாலயத்தின் முகப்பையும் சதுக்கத்தையும் யூனிவேர்சல் நகரிலே பேருருவாக எழுப்பினர். அதன் செலவு பன்னிரண்டரை இலட்சம் டொலர் அளவின தென்பர். அப்படத்தைத் திட்டமிட்டோருள் முதன்மையானவர் தால்பேர்க்கே. வொலஸ் வோர்ஸ்லி என்னும் அமைதியான நெறியாளர் அதனை எடுத்தார். படம் பெரும்பொருள் ஈட்டியது. ஆகவே பணத்தின் அளவு குற்றமாகவில்லை. அப்பணத்தை எவர் சொற்படி செலவிடுவது என்பதே வழக்கு. கடிதத்தின் ஏனைய குற்றச்சாட்டுக்களை விடுத்து, நிலையத்தினும் தாம் பெரியவர் என்ற எண்ணம் என்னும் அவ்வொன்றையே வழக்கின் உயிராகக் கொள்ளுதல் வேண்டும்.

அவ்விடத்திலே ஸ்ரோஹைமின் பக்கம் நின்று வாதாடுதல் கடினம். நிலையத்தை மீறி உழைக்க விரும்பியவர்க்கு அக்காலத்தில் வழி இல்லாமற் போகவில்லை. 1919இல் சாப்ளின், மேரி பிக்போர்ட், டக்ளஸ் பெயர்பாங்ஸ், கிரிபித் ஆகிய நால்வரும் யுனைற்றட் ஆர்ட்டிஸ்ட்ஸ் என்னும் கொம்பனியைத் தாமே நிறுவினர். சாப்ளின் ஒரு காட்சியை நூறு முறை எடுத்தாலும் அவரைக் கேட்பாரில்லை. வீணாகும் சுருள் அவருடைய சுருள். ஸ்ரோஹைம் அவ்வாறு தம் பொருளை வைத்து ஆடியவரல்லர். மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு, இலாபம் வந்தாற் புகழையும் நட்டம் வந்தாற் முதலாளிக்குரிய கணக்கையும் பகிர்ந்தார். யூனிவேர்சல் நகரிலே நூற்றுக்கணக்கான தச்சரும், தையற்காரரும், துணைநடிகரும் சிறுபடங்களை நம்பிப் பிழைத்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரு படத்தின் பெருந்தீனி பத்துச் சிறு படங்களின் உணவை உண்டுவிடும். இதைப் பற்றிய கவலை ஸ்ரோஹைமுக்கு இருந்ததற்கு அடையாளமேதும் காணப்படவில்லை.

பின்வந்த வரலாறும் முகாமையாளர் பக்கமே சாய்கின்றது. யூனிவேர்சலின் பின்னர் அவர் கோல்ட்வின், மெற்றோ-கோல்ட்வின்-மேயர், பரமவுண்ட், பொக்ஸ் எனப் பல வாயில்களை மிதித்தார். 'வெடிங் மார்ச்' (மணவூர்வலம்) என்னும் படம் பரமவுண்டில் அவர் கையினின்றும் போயிற்று. குளோறியா சுவான்சனுக்காக எடுத்த 'குயீன் கெலி' 1929 தொடக்கத்திலே நடிகையின் கட்டளையாலே இடைநின்றது. பொக்ஸ் நிலையத்திற்காக எடுத்த கடைசிப் படமும் பிறரால் மாற்றியெடுக்கப்பட்டு, 1933இல் வேறு பெயருடன் வந்தது. அதன் பின்னர் எவரும் அவருக்குப் படம் கொடுத்திலர். எல்லா முதலாளிகளும் ஒருங்கே கயவராயிருந்தனர் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் இவ்வாதத்தை எல்லைமீறி நீட்டலும் ஆகாது. முதலாவது நீக்கம் நடந்த பின்னர் ஏனையோர்க்கு அஃது எளிதாயிற்று. ஒருமுறை நீக்கப்பட்டவர் என்ற பெயரே அடுத்த நீக்கத்திற்குப் பாதி காரணமாயிற்று.

குடைராட்டினம் 1923இலே யூலியனின் பெயருடன் வெளிவந்து நன்றாக ஓடியது. இதனைக் காட்டித் தால்பேர்க்கின் முடிவு சரி என்று நிறுவுவோர் உளர். அவ்வளவிலே வழக்குத் தீராது. படத்தின் கதையும், அரங்குகளும், நடிகர் தெரிவும் ஸ்ரோஹைமுடையவை. யூலியன் விளைந்த வயலை அறுத்தவர். தனித்து நின்றபோது அவருடைய ஆற்றல் எத்தகையது என்பது 1925இல் வெளியான 'ஒப்பராவின் ஆவி' என்னும் படத்திலே தெரியவந்தது. அங்கும் நெறியாளருக்கும் பிறருக்கும் பூசல் விளைந்து, படத்தின் பகுதிகளை வேறொருவர் மீண்டும் எடுக்க நேர்ந்தது. பணியாத மேதையை நீக்கினாற் பணியும் மேதை ஒருவர் வந்துவிடுவார் என்பது முகாமையாளர் கனவு.

எனவே இக்கட்டுரையின் தீர்ப்பு இது. 1922 ஒக்டோபரில் ஸ்ரோஹைமை நீக்கியமை முறையே. அதற்கான உரிமை நிலையத்திற்கு இருந்தது, காரணமும் இருந்தது, எச்சரிக்கையும் முன்னரே கொடுக்கப்பட்டிருந்தது. கடிதத்திற் குறையுண்டு என்பதும் உண்மை. தன் விளம்பரப் பலகையைப் பற்றி அக்கடிதம் ஒரு சொல்லும் பேசவில்லை. அவரைத் தான் கட்டவிழ்த்துவிட்டதைப் பற்றியும், முன்னைய படத்தின் நட்டத்தை அறிந்துகொண்டே அடுத்ததைக் கொடுத்ததைப் பற்றியும் பேசவில்லை. விசுவாசமின்மை என்னும் சொல்லை எழுதியபோது தால்பேர்க் சற்றே நாணியிருக்கலாம். ஏனெனில் சில மாதங்களுள், 1923 தொடக்கத்திலே, அவரும் லெம்லியைவிட்டு லூயிஸ் மேயரிடம் போய்ச் சேர்ந்தார்.

தால்பேர்க்மீது வரலாறு சுமத்தும் பழி, நேரே பார்த்தால், இந்நீக்கத்திற்குரியது அன்று. அது அதற்கு அடுத்து நிகழ்ந்ததற்குரியது. வேலையிழந்த சில வாரங்களுள் ஸ்ரோஹைம் கோல்ட்வின் கொம்பனியிலே சேர்ந்து, பிராங் நொறிஸ் 1899இல் எழுதிய 'மக்ரீக்' என்னும் நாவலைப் படமாக்கத் தொடங்கினார். 'கிறீட்' (பேராசை) என்பது அதன் பெயர். அரங்கம் எதுவும் வேண்டாம் என்றார். சான்பிரான்சிஸ்கோவின் உண்மை வீடுகளிலே படம்பிடித்தார். இறுதிக் காட்சிக்கென 1923ஆம் ஆண்டுக் கோடையிலே மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலைக்கு நடிகரையும் தொழிலாளரையும் அழைத்துச் சென்றார். 120 பாகையைக் கடந்த வெப்பத்திலே பலர் நோயுற்றனர். யீன் ஹேர்ஷோல்ற் என்னும் நடிகர் வைத்தியசாலை சேர நேர்ந்தது. முதலிலே தொகுக்கப்பட்ட படம் நாற்பதுக்கு மேற்பட்ட சுருள். பார்த்து முடிக்க ஒரு பகற்பொழுது முழுதும் வேண்டும். அதை அவரே ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார். நண்பர் றெக்ஸ் இன்கிறம் பதினெட்டாக்கினார். இதனிடையே 1924 ஏப்பிரலிலே கோல்ட்வின் கொம்பனி மெற்றோவுடனும் மேயருடனும் இணைந்தது. புதிய நிலையத்தின் தலைமை முகாமையாளராக ஸ்ரோஹைமின் முன்னே வந்து நின்றவர் மீண்டும் தால்பேர்க்.

படம் பத்துச் சுருளாக வெட்டப்பட்டது. மூல நாவலையோ, தாம் எழுதிய திரைக்கதையையோ வாசியாத ஒருவர் கையிலே கத்தரிக்கோல் கொடுக்கப்பட்டது என்று ஸ்ரோஹைம் பின்னாளிற் புலம்பினார். 1924 டிசெம்பர் 4ஆம் திகதி நியூயோர்க்கிலே அப்பத்துச் சுருளும் திரையிடப்பட்டன, நட்டமே விளைந்தது. பதினெட்டுச் சுருள் நீளமுள்ள படத்தைக் கொட்டகைகள் ஏற்றிரா என்பது உண்மை. வெட்டியதற்கு நியாயம் காட்டலாம். வெட்டிய பகுதிகளைப் பாதுகாவாமல் விட்டதற்கு நியாயம் இல்லை. அவற்றை அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்கும் பொருட்டு உருக்கிவிட்டனர் என்பர். எவ்வாறாயினும் அவை இன்று இல்லை.

நம் நாட்டுத் திருப்பணி வழக்கை நினைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பொருள் கொடுத்த தருமகர்த்தா சிற்பாசாரியாரை நடுவிலே மாற்றுவதுண்டு. அதற்காக ஊரார் அவரைப் பழிப்பதில்லை. முன்னையவர் செதுக்கிவைத்த கற்களைச் சுண்ணாம்புச் சூளைக்கு அனுப்பினால் ஊர் வாளாவிராது. 1922இல் நிகழ்ந்தது முன்னையது போன்றது. 1924இல் நிகழ்ந்தது பின்னையது போன்றது. இரண்டையும் செய்தவர் ஒருவரே ஆதலின், எழுதியோர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டனர். ஸ்ரோஹைமும் அவ்வாறே எண்ணினார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே காயம்.

தால்பேர்க்குக்கு அவர்மீது தனிப்பட்ட பகைமை இருந்ததாகத் தெரியவில்லை. பேராசையின் பின்னரும் 'மெறி விடோ' (களிமகிழ் கைம்பெண்) என்னும் படத்தை மெற்றோ-கோல்ட்வின்-மேயர் நிலையத்திலே அவரே எடுத்தார். அப்படத்தின் நடுவிலும் மேயர் அவரை நீக்கினார் என்றும், தொழிலாளரும் துணைநடிகரும் வேறு நெறியாளரின்கீழ் வேலைசெய்ய மறுத்ததனால் மீண்டும் அழைக்க நேர்ந்தது என்றும் கூறுவர். அரங்கிலே அவருடைய சினத்தைத் தாங்கிய எளிய மக்கள் அவரை எவ்வாறு மதித்தனர் என்பதற்கு இஃதொரு சான்று. 1925இல் வெளியான அப்படம் பெருவருவாய் ஈட்டியது. ஆகவே கட்டுப்பாட்டின்கீழ் அவராற் படமெடுக்க இயலாது என்பதும் முழு உண்மையன்று.

தால்பேர்க் 1936இல் முப்பத்தேழு வயதிலே காலமானார். ஸ்ரோஹைம் நடிகராகவே எஞ்சிய வாழ்வைக் கழித்தார். யோன் றெனுவார் 1937இல் எடுத்த 'பெருமாயை' என்னும் பிரெஞ்சுப் படத்திலே ஜேர்மானியக் கோட்டைத் தலைவராக நடித்தமை அவருக்கு அழியாப் புகழ் தந்தது. 1950இலே 'சன்செற் பூலவாட்' என்னும் படத்திலே, ஒரு காலத்திற் பெரிய நெறியாளராயிருந்து பின்னர்த் தம் நடிகைக்கே வேலைக்காரராய் அமைந்த முதியவராக வந்தார். அந்நடிகையாக வந்தவர் குளோறியா சுவான்சன். அவர் வீட்டிலே பழைய படமொன்றைப் போட்டுப் பார்க்கும் காட்சி உண்டு. திரையிலே ஓடுவது இருபதாண்டுக்கு முன் இடைநின்ற குயீன் கெலியின் ஒரு பகுதி. படக்கருவியை இயக்குபவராக வருபவர் அதனை நெறிப்படுத்திய ஸ்ரோஹைமே. 1957 மே 12ஆம் திகதி பிரான்சிலே அவர் மறைந்தார்.

பேதை மனைவியரின் சிதறிய பகுதிகளைத் தேடிச் சேர்க்கும் முயற்சி பன்முறை நடைபெற்றது. முப்பது சுருள் மீளவில்லை. பேராசையைப் பொறுத்தவரை, 1999இலே றிக் சிமிட்லின் என்பார் ஸ்ரோஹைமின் திரைக்கதையைக் கையில் வைத்துக்கொண்டு, படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்ட நூற்றுக்கணக்கான நிழற்படங்களைத் தேடித் தொகுத்து, எஞ்சிய பத்துச் சுருள்களின் இடையிடையே அவற்றைப் பொருத்தினார். அது நான்கு மணி நேரம் ஓடுகின்றது. எரிந்தும் உருகியும் போன காட்சிகள் வரவேண்டிய இடங்களில் மாந்தர் அசைவதில்லை.